ஃபேனுக்கு அடியில் மார்க் போட்டவர்

மகள் பசு கறக்கும் பாலை வைத்து அப்பன் காளைக்கு மார்க் போடும் நிபுணர் அவர். பால் அளக்கும் வேலையில் இருந்த நான்தான் பருத்திப்பட்டுக்கு அழைத்துப் போனேன். நிமிடத்துக்கொரு தரம் கைக்குட்டையால் லேப்டாப்பைத் துடைப்பார். மாட்டைத் தொடவே மாட்டார்.

எதிரெதிரே இரண்டு கொட்டகைகள். கொட்டகைக்கு ஒரு மாடு, வெவ்வேறு காளைகளின் மகள்கள். ஃபேனுக்கு அடியில் பசும்புல் தின்ற மாடு பத்து லிட்டர் கறந்தது. கொதிக்கும் தகரக் கூரையின் கீழ் வைக்கோல் மென்ற மாடு ஆறு.

“ஆறுதானா? அப்ப இதோட அப்பன் வேஸ்ட்” என்றார்.

அந்த மாட்டுக்கார அம்மாவுக்குச் சுருக்கென்றது. “இன்னா சார் நாயம் இது? ரெண்டையும் ஒரே எடத்துல கட்டி, ஒரே தீனி போட்டுப் பாரு. அப்பால சொல்லு.”

“கொட்டகையெல்லாம் என் கணக்குல வராதும்மா.”

சொல்லும்போதே கைக்குட்டை முதல்முறையாக லேப்டாப்பை விட்டு அவர் கழுத்துக்குப் போனது. “இந்தச் சூட்டுல மனுஷன் வேலை செய்வானா?” என்று என்னிடம் முனகியபடி எதிர்க் கொட்டகைக்குப் போய், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார்.

“மாட்டையும் இட்டுகினு வரட்டா சார்?” என்று அந்த அம்மா இங்கிருந்தே கத்தினார்.

அவர் சட்டையின் மேல்பட்டனைக் கழற்றிக் காற்று வாங்கியபடி, ஆறு லிட்டர் மாட்டின் அப்பனை நல்ல காளைகளின் பட்டியலிலிருந்து நீக்கினார்.