அரிசி இல்லாத வீடு

நண்பர்களுக்கு மட்டும். யாரும் பகிர வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அக்குறணை டவுனில் இருந்த கடையை நேற்றுக் கலவரத்தில் எரித்துவிட்டார்கள். தனியாக இருக்கப் பயந்து, இன்று ஊரடங்குக்கு முன்பே மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மத்தியானம் பிள்ளை சோறு கேட்டாள். நான் மூன்று மாதமாகப் பேலியோ டயட், மாவுச்சத்தே தொடுவதில்லை. வீட்டில் அரிசி, கோதுமை மா, பிஸ்கட் எதுவுமே கிடையாது. முட்டை பொரித்து, கொஞ்சம் கஜுப் பருப்பும் வறுத்து வைத்தேன்.

அவள் தட்டைத் தொடவில்லை. குசினியில் அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“அன்ட்டி, ஒங்கட கடையையும் எரிச்சிட்டாங்களா?”

“இல்லம்மா, நான்தான் சோறு சாப்பிடுறதில்ல.”

“ஏன்?”

உடம்பு குறைய என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாளைக் காலை இரண்டு மணி நேரம் ஊரடங்கை எடுப்பார்களாம். கண்டியில் எந்தக் கடையில் அரிசி கிடைக்கும் என்று சொல்லுங்கள். மாவுச்சத்துக் கணக்கு யாரும் சொல்ல வேண்டாம்.