ஒருத்தி பேரில் எல்லாருடைய வேலையும்

“ஓடுதுல்ல, அப்புறம் ஏன்யா நோண்டுற?” இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில், கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓடிக்கொண்டிருப்பதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைப்பவர்களோடு மாரடிப்பதுதான் அந்த வேலையில் பாதி.

லேபில் கம்பியை இழுத்துப் பார்த்து, வளைத்துப் பார்த்து ரிசல்ட் போடுவார்கள். அதற்கு இருந்தது ஒரே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்கள் அவரவர் பேரில் லாகின் செய்துகொள்வார்கள். ரிசல்ட் ஃபைல்கள் ஆபீஸ் சர்வரில் இருக்கும் பொது ஃபோல்டரில் போய்ச் சேரும். அந்த ஃபோல்டரை லேப் மெஷினோடு இணைப்பதைத்தான் மவுண்ட் செய்வது என்போம். எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் அதை எப்படிச் செய்து வைத்திருந்தார் தெரியுமா? மெஷினை ஆன் செய்ததும் முதலில் உட்காருகிறவரிடம் மட்டும் சர்வர் பாஸ்வேர்டைக் கேட்கும். அவர் பேரில் ஃபோல்டர் இணைந்துவிடும். அதற்கப்புறம் யார் லாகின் செய்து எதை அடித்தாலும், மெஷினை அணைக்கும் வரை, சர்வரில் அந்த முதல் ஆளின் பேர்தான் விழும்.

வார லீவு முடிந்து மெஷினை ஆன் செய்கிற முதல் ஆள் எப்போதும் ஒரே பெண்தான். ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறவள். அடுத்த ரயிலில் வந்தால் ஷிஃப்டுக்கு லேட்டாகிவிடும் என்பதால் விடியற்காலை ரயிலைப் பிடித்து எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவாள். மெஷினை ஆன் செய்து பாஸ்வேர்டைப் போடுவாள். அதன்பின் வாரம் முழுக்க லேபில் நடப்பதெல்லாம் அவள் கணக்கில் ஏறும். இதை மாற்றுகிறேன் என்று நான் குவாலிட்டி மேனேஜரிடம் போனபோதுதான் அந்த நோண்டல் கேள்வியைக் கேட்டு அனுப்பினார்.

பிறகு வளைக்கும்போதே விரிசல் விட்ட ஒரு லாட் கம்பி, பாஸ் என்ற ரிசல்ட்டோடு வெளியே போய், லோடோடு திரும்பி வந்தது. ஃபைலில் யாரோ ஃபெயிலை பாஸ் ஆக்கியிருந்தார்கள். சர்வரைப் பார்த்தார்கள். அவள் பேர். மாற்றிய நேரத்தில் அவள் ஷிஃப்ட் முடிந்து போய்விட்டாளே என்றேன். அப்படியென்றால் பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்திருக்கிறாள், அதுவும் தப்புதான் என்றார் மேனேஜர். எந்தப் பக்கம் போனாலும் அவள் தலைதான் உருண்டது. மெமோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வேலையே போய்விடும் என்று லேபில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சர்வரைத் திறந்து பார்த்தேன். நான் நினைத்தபடியே இருந்தது. மெஷினை யாரும் அணைக்கவில்லை. அவள் ஆரம்பாக்கத்தில் வீட்டில் இருக்கிறாள். இங்கே அவள் பேரில் ரிசல்ட் மேல் ரிசல்ட்டாகப் போய்க்கொண்டிருக்கிறது. மேனேஜரை இழுக்காத குறையாக லேபுக்குக் கூட்டி வந்து, அவருடைய லாகினிலேயே ஒரு ஃபைலை அடிக்க வைத்தேன். அதற்கும் அவள் பேர்.

“சார், இதை அடிச்சது நீங்களா, அந்தப் பொண்ணா?” என்று கேட்டேன்.

மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகும்போது, சரி, மாற்றிவிடு, அந்தப் பெண்ணையும் நாளைக்கு வரச் சொல் என்று மட்டும் சொன்னார். அடப்பாவி, இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

அன்றைக்கே மாற்றினேன். இனி லாகினுக்கு அடிக்கும் பாஸ்வேர்டே சர்வருக்கும் போகும். பொது ஃபோல்டர் அவரவர் பேரில் தானாக இணையும். லாகவுட் செய்தால் தானாகக் கழன்றுகொள்ளும். ஒருவருடைய இணைப்பில் இன்னொருவர் நுழைய முடியாது. லேபில் அப்போது இருந்த ஒவ்வொருவரையும் லாகின் செய்ய வைத்துச் சரிபார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. இந்த அரைநாள் வேலைக்குத்தான் முன்பு அனுமதி கிடைக்கவில்லை.

மறுநாள் அவள் வந்தாள். மெஷின் பக்கமே போகவில்லை. நேராக மேனேஜரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். எல்லாம் சரியாகிவிட்டது, போய் வேலையைப் பார் என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

“மெமோவ போர்டுல ஒட்டுனீங்க சார். இத மட்டும் வாயால சொன்னா எப்டி? நான் பண்லன்னு உங்க லாகின்ல அடிங்க. அத்தயும் அங்கயே ஒட்டுங்க. அப்றம் மெஷின தொடுறேன்.”

லேபில் எல்லாரும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் லேப் மெஷினுக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன். வந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்தார். முந்தைய மெமோ ரத்து, இந்தப் பெண் மீது தவறில்லை. சேவ் செய்ததும் சர்வரில் பார்த்தேன். அவர் பேர் விழுந்திருந்தது. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அதைப் போர்டில் ஒட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். ஃபெயிலை பாஸ் ஆக்கியது யார் என்று அப்போதும் அவர் கேட்கவில்லை, இன்றுவரை யாருமே கேட்கவில்லை.

“இப்ப சந்தோஷமாம்மா?” என்றார்.

“சந்தோஷம் இன்னா சார் இதுல? செய்யாத ஒண்ணுக்கு ஊட்ல குந்திக்கினு இருந்தேன். எங்கப்பா என் மூஞ்சப் பாத்து இன்னும் பேசல.”