கந்தையர் கடைப் பலகைக்கு மூன்று சொல்

சந்தி வைரவராணை, கீழே வருவதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. கடைப்பலகை எழுதுகிறவனுக்குத் தூரிகை பிடிப்பது கஷ்டமில்லை. கடையில் இல்லாத சாமானுக்குச் சொல் பிடிப்பதுதான் கஷ்டம். பலகை எழுதிப் பேச்சு வாங்கிய சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

தொண்ணூறுக்குப் பிறகு, வவுனியாவுக்கு வடக்கே ஆமி சாமான் விடாத தடைக்காலம். கோப்பாயில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த கந்தையருக்கு நேர் எதிரே, அவருடைய மச்சான் இராசதுரையும் ஒரு சாப்பாட்டுக்கடை திறந்துவிட்டார். ஆட்கள் றோட்டைக் கடந்தால் கந்தையரின் அடுப்பு அணைந்தமாதிரித்தான். "அண்ணை, ஆக்களை இழுக்கிறமாதிரி ஒரு சொல் போட்டுத் தாங்கோ" என்று என்னிடம் வந்தார்.

பலவகை

பெயின்ற் இல்லை. விளக்குக் கரியை வேப்பம் பிசினில் குழைத்து, 'பலவகைச் சிற்றுண்டிகள்' என்று எழுதினேன். அந்த எழுத்தின் மினுக்கத்தில் காகங்கள் முகம் பார்த்தன. உள்ளே இருந்ததோ பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் அவித்த பிட்டு மட்டும். மயிலிட்டிக் கடலில் மீன்பிடி வள்ளங்கள் விட்டு, இடம்பெயர்ந்து வந்திருந்த சம்மாட்டியார் ஒருவர் பலகையை வாசித்துவிட்டுக் குந்தினார். பிட்டு வந்தது. அடுத்த வகையைக் கேட்டார். பிட்டு வந்தது. கந்தையரை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, மிச்ச வகையெல்லாத்தையும் வவுனியாவிலை மறிச்சு வைச்சிருக்கிறாங்களோ?"

விதவிதம்

வகை என்றால் பண்டம் பல வேண்டும், விதம் என்றால் ஒரே பண்டம் பல கோலத்தில் வரலாம் என்று கந்தையருக்கு விளங்கப்படுத்தி, 'விதவிதமான ஒடியல் பலகாரம்' என்று மாற்றினேன். பிட்டு, கூழ், றொட்டி, உருண்டை என்று அவரும் மினக்கெட்டார். மேசையிலிருந்து றொட்டி ஒன்று விழுந்து சீமெந்து நிலம் வெடித்ததை இந்தக் கண்ணால் கண்டேன். சம்மாட்டியார் எல்லாவற்றையும் ருசி பார்த்து முடித்தார்.

"வேசந்தான் விதவிதம், தம்பி. ராசாவாயும் மந்திரியாயும் வந்து ஆடுறது ஒரே ஆள்தான்."

வித்தியாசம்

எதிர்க்கடையிலும் அதே ஒடியல். "அவன்ரையும் என்ரையும் ஒண்டில்லை எண்டு தெரியோணும், அண்ணை" என்றார் கந்தையர். வித்தியாசத்துக்கு ஒரே பண்டம் போதும், அது முன்னால் இருப்பவனிடம் இல்லாவிட்டால் சரி. 'வித்தியாசமான ஒடியல் பிட்டு' என்று எழுதினேன்.

கரி காயமுதல் குண்டு போடும் பொம்மர் வந்தது. இரண்டு கடைச் சனமும் கையிலிருந்த பீங்கானோடு கந்தையர் வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் குதித்தது. இருட்டில் பீங்கான்கள் கைமாறின. கந்தையர் ஒரு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, "பாத்தியளோ, இந்தப் பதம் உவன் மச்சானுக்குச் செத்தாலும் வராது" என்றார். வெளியே வந்து பார்த்தால் அவர் கையில் இராசதுரை கடையின் நீலக்கரைப் பீங்கான். இராசதுரைக்கும் சிரிக்க வழியில்லை, கந்தையரின் வெள்ளைப் பீங்கானை வழித்துத் துடைத்து முடித்திருந்தார். சம்மாட்டியார் இரண்டு பீங்கானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனி வெயில் எந்தப் பக்கம் எண்டு பாத்துத்தான் கடைக்குள்ளை ஏறோணும்."

சனமும் அப்படியே நிழல் பார்த்துக் காலையில் கந்தையரிடமும் பின்னேரம் இராசதுரையிடமும் ஏற, இரண்டு அடுப்பும் அணையாமல் எரிந்தன. நான் மூளையைக் கசக்கி மூன்று சொல் எழுதியும் ஆளைச் சேர்த்தது சூரியன்தான் என்று சொன்னவன் ஆரென்று மட்டும் வெளியிலை விட்டிடாதையுங்கோ, என்ரை எழுத்துத்தான் சனத்தை இழுத்ததெண்டு நம்பி இரண்டு கடையிலும் எனக்கு இன்னும் தேத்தண்ணி ஓசி.