சீர்ப் பாத்திரத்தில் லேசர் எழுத்து

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் கம்பெனியில் இரும்புச் சாமான்களுக்கு நம்பர் போடுவது லேசர் மிஷின். மையும் இல்லை, உளியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளி மேலிருந்து இறங்கும். படும் இடத்தில் மட்டும் வெள்ளையாகப் பொறி பறக்கும். எழுத்து உலோகத்திலேயே பதிந்துவிடும். நான் பக்கத்து ஷெட்டில் பாலிஷ் போடுகிறவன். ஐந்தாவது வரை படித்தவன். அதிகம் பேசாததால் எல்லோருக்கும் நான் ஊமை.

மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். சீர்ப் பாத்திரங்களில் அவள் பேரை லேசரில் போட்டால் அச்சடித்ததுபோல் இருக்கும் என்று ஆசை. தயங்கித் தயங்கி ஆப்பரேட்டரிடம் கேட்டேன்.

"இன்னா நைனா, வாயெல்லாம் பேசுது! எட்த்துனு வா, போட்டுர்லாம்."

குடமும் அண்டாவும் தாம்பாளமும் கொண்டுபோய் மகள் பேரைச் சொன்னேன்.

"அந்தாண்ட திரும்பிக்கோ. கண்ணாடி போடாம இந்த வெளிச்சத்தப் பாத்தா கண்ணு பூடும்."

அது உண்மைதான். சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் சிலர் சிரித்தார்கள். அவர்கள் எப்போதும் சிரிப்பவர்கள். ஆப்பரேட்டரே பேப்பர் சுற்றிக் கொடுத்தான். கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டில் மனைவி பிரித்தாள். எல்லாவற்றிலும் 'ஊமை வீட்டுச் சீர்' என்று இருந்தது.

மறுநாள் ஆப்பரேட்டர் முன்னால் போய் நின்றேன். "சும்மா தமாசு நைனா. ஆழமா வெச்சிருக்கேன், செத்தாலும் போவாது பாரு" என்றான்.

வேறு வாங்க வழியில்லை. பாலிஷ் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தேன். எழுத்து போனது, இடம் பள்ளமானது. பாத்திரக் கடையில் அதன்மேல் பேர் வெட்டச் சொன்னேன். தகடு மெலிந்துவிட்டது, ஓட்டை விழும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், ஊத்துக்கோட்டை மண்டபத்தில் சீர் பரப்பினோம். மாப்பிள்ளையின் அம்மா குடத்தைத் தூக்கினார். அவர் விரல் பள்ளத்தில் நின்றது.

"இன்னா சம்மந்தி, யாரோ பேரத் தேச்சிட்டு எங்க தலையில கட்றீங்களா? யார் ஊட்டுப் பாத்திரம் இது?"

மனைவி ஏதோ சொல்ல வந்தாள்.

"நீ இரும்மா. ஆம்பள சொல்லட்டும். இல்லன்னா எங்க புள்ளையக் கூட்டினு போய்க்கினே இருப்போம்."

மண்டபமே என்னைப் பார்த்தது. மணமேடைப் பக்கம் மகள் நின்றிருந்தாள்.

"புதுசுதாம்மா. கம்பெனில கேலிக்கு வேற எழுதிட்டாங்க. அதத்தான் தேச்சேன்."

"இன்னான்னு எழுதனாங்க?"

அவர் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

"ஊமை வீட்டுச் சீருன்னு. என்ன அப்டித்தான் கூப்புடுவாங்க."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் நண்பர்கள், பிறகு மண்டபம். "அட, இவ்ளோதானா!" என்று சம்பந்தியம்மாவும் சிரித்துக் குடத்தை வைத்துவிட்டார். கல்யாணம் நிற்காது என்று தெரிந்ததும் நானும் சிரித்தேன்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கும் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.