பாரம் ஏற்றினால் வரும் சத்தம்

எங்கள் பிக்கப்பின் பின் பிரேக் சத்தம் போடுவதற்குக் காரணம் நான்தான் என்று என் கணவர் முடிவு கட்டிவிட்டார். வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் அரிசிக் கடைக்கு ஒருகொடவத்தையிலிருந்து மூட்டை ஏற்றி வருவது நான். காலையில் அவரைக் கடையில் இறக்கிவிடுவதும் நான்.

"உம்மட கால் எந்த நேரமும் பிரேக்கிலதான். கராஜிலயும் அதைத்தான் சொன்னாங்களெண்டா, வண்டித் திறப்பைத் தாரும். டிரைவர் ஒராளைப் போடுவம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் திறப்பையும் கொடுத்துவிட்டால் நாள் முழுக்கக் கடைக்குள் நின்று அரிசி நிறுக்க வேண்டியதுதான்.

ஆம்பிளை ஒருவர் கூடப் போனால் கராஜில் ஏமாற்றமாட்டார்கள் என்று என் தம்பியையும் சேர்த்து அனுப்பினார். தம்பிக்குச் சைக்கிளே ஒழுங்காக ஓடத் தெரியாது.

கொட்டாஞ்சேனைக் கராஜில் மெக்கானிக் நேரே அவனிடம் போனார்.

"எப்ப சத்தம் வருது தம்பி?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"பாரம் ஏத்தினா மட்டுந்தான் வரும். இடப்பக்கம். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுத்தா நிண்டிடும்" என்றேன். சுவரோடு கதைத்திருக்கலாம். மனுசன் வெறும் வண்டியை ஒழுங்கையில் ஒரு சுற்று ஓட்டிவந்து, "சத்தமே இல்லியே. லேடீஸ் பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டுவாங்க, அதான் தம்பி" என்றார். தம்பி தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஏறி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் பின்னால ஏறுங்கோ. மெக்கானிக், நீங்களுந்தான்."

விளையாட்டென்று நினைத்து ஏறினார்கள். தம்பியையும் ஏற்றினேன். மூட்டைகளுக்குப் பதிலாக ஆம்பிளைகள், பாரம் ஒன்றுதான். ஒழுங்கை முனையில் மெதுவாகப் பிரேக்கை அமத்தினேன். இடப்பக்கம் கரகரவென்று இரும்பு உரசியது. பின்னால் சிரிப்பு நின்றுபோனது.

கராஜுக்குத் திரும்பி இடது பின் சில்லைக் கழற்றி டிரம்மை இழுத்தபோது, பிரேக் ஷூவைப் பிடித்துவைக்கிற ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது. மெக்கானிக் அதைப் பொறுக்கித் துடைத்துத் தம்பியின் கையில் கொடுத்தார்.

"இதான் தம்பி வெவகாரம்."

புது ஸ்பிரிங் பூட்டி முடிந்ததும், முறிந்ததை அவனிடமிருந்து பறித்துக்கொண்டுவந்து கடையில் கல்லா மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கணவர் முறிந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, இனியெண்டாலும் கவனமா ஓடும்" என்றார்.

அடுத்த கிழமை முழுக்க அவர் பஸ்ஸில்தான் கடைக்குப் போனார்.