கட்டங்களின் நடுவில் ஒரு வளைவு

நவம்பர் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. காலையில் துணி துவைத்துப் பால்கனியில் போட்டேன். புகைமூட்டத்தில் மாலைவரை உலரவில்லை. டெல்லி லோதி ரோடு குடியிருப்பிலிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்துபோய் தோசை மாவும் இரண்டு முருங்கைக்காயும் வாங்கி வந்தேன். ஒரு ஆளுக்கு இதுவே மூன்று நாள் வரும். பதினோரு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தேன்.

வார நாட்களில் நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் இருப்பவள். ஞாயிறுகளில் என் வேலை வேறு. படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். கோளாறு கண்டவர் இணையத்தில் அதன் பொதுப் பக்கத்தில் எழுதிப் போடுவார், முடிந்தவர் சரிசெய்வார். சம்பளம் கிடையாது. அப்பா, அம்மா இருவரும் போன பிறகு, என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவரை, அவர் குடியிருக்கும் பகுதியை வைத்து, நான் ஜனக்புரி ஸார் என்று குறிப்பிடுவேன். கட்டட வரைபடங்கள் வரைந்து ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மனைவி காலமாகிவிட்டார், மகன் புனேயில். அந்தப் பகுதித் தமிழர்களின் பொங்கல் விழாவுக்கு அழைப்பிதழ் வரைந்து கொடுப்பார். தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாக வருகின்றன என்று அவர் ஆங்கிலத்தில் எழுதியபோது, கூடவே அந்த அழைப்பிதழையும் இணைத்திருந்தார். நான் தமிழில் பதில் எழுதினேன். அன்றிலிருந்து ஞாயிறு மதியங்களில் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். ஒரே ஊர்தான், மெட்ரோவில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் சந்திக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. டெல்லியில் இப்படித்தான் ஆகிவிடுகிறது.

அவர் எழுதும் புகார்கள் ஒழுங்கானவை. என்ன செய்தார், என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது என்று வரிசையாக இருக்கும். அவருடைய கணினி பழையது. புதிய பதிப்பு அதில் ஓடாது. அவருக்காகவே நிரலைத் தனியாகத் தொகுத்து அனுப்புவேன். அந்தத் தொகுப்பு ஒருமுறை ஓடி முடிய அரை நாள் ஆகும், பாதியில் ஏதாவது ஒரு துணைநிரல் பொருந்தாமல் நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து. அந்த அலுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபரில் அவர் எழுதிய புகார் சிறியது. படத்தின் மேல் அளவுக்கட்டங்களைப் போட்டால், நடுவில் உள்ள கோடுகள் வளைகின்றன. என் கணினியில் வளையவில்லை. திரையை அப்படியே படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். கோடுகள் நேராக இருந்தன.

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்? நீங்க கேட்ட படத்திலயும் வளைஞ்சுல்லா இருக்கு" என்றார்.

எங்களைப் போன்றவர்களுக்கு இதற்கு ஒரு விடை தயாராக இருக்கும். திரையைப் படமெடுத்ததில் கோடுகள் நேராக இருந்தால் நிரலில் தவறில்லை, மானிட்டரில் இருக்க வேண்டும். சொன்னேன். அவர் நேரு பிளேஸ் கணினிச் சந்தைக்குப் போய் ஒரு பழைய மானிட்டர் வாங்கி மாட்டினார். அதிலும் வளைந்தது. அப்படியானால் கட்டம் வரையும் துணைநிரல்தான் என்று முடிவுகட்டி, அதன் பழைய பதிப்பை வைத்துத் தொகுக்கப் பார்த்தேன். அது மற்றவற்றோடு ஒட்டவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பிழைச்செய்தியை விலக்கினால் இன்னொன்று வந்து நின்றது. அந்தப் பதினாறாம் தேதி மதியம் தொகுப்பு தடங்கலின்றி ஓடி முடிந்தது. அவருக்கு அனுப்பிவிட்டுத் தோசை வார்த்துச் சாப்பிட்டேன். நான் வெற்றிபெற்றுவிட்டதாகவே நினைத்தேன்.

நான்கு மணிக்கு அழைத்தார். வளைவு போகவில்லை, முன்பைவிடக் கூடியிருக்கிறது. நான் சோர்ந்துபோனது குரலில் தெரிந்திருக்க வேண்டும், என்னைத் தேற்றுவதற்காகச் சிரித்தார்.

"விடுங்கம்மா. இந்த ஊர்ல எதுதான் நேரா இருக்கு? மெட்ரோ பிளாட்பாரத்துல மஞ்சக்கோடுகூட இப்பம் கோணலாத்தான் போட்டிருக்கான்."

அந்த மஞ்சள் கோட்டை நான் தினமும் பார்க்கிறேன், அது நேராகத்தான் இருக்கிறது. பிறகு, அவர் வீட்டு ஜன்னலில் கம்பி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன், பிறகு மறுகண்ணை. அவர் பக்கத்தில் தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் கூவிக்கொண்டு போனது கேட்டது. அது தேய்ந்து மறைந்தது.

"இடதுல பாத்தா சரியா இருக்கு" என்றார் கடைசியில். "வலதுல கம்பி வளையுது. நடுவுல ஒரு கறுப்பு மாதிரி."

"ஸார், நாளைக்கே கண் டாக்டரைப் பாத்துடலாம்."

"அப்பம் உங்க ப்ரோக்ராம்ல ஒரு தப்பும் இல்ல, என்ன?" அதைச் சொல்லும்போது அவர் குரலில் நிம்மதிபோல ஏதோ இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் பார்த்தபோது விழித்திரையின் நடுவில் ரத்தம் கசிந்திருந்தது. வலது கண்ணின் மையப் பார்வை திரும்பவில்லை, இடது கண் இன்றுவரை தப்பியிருக்கிறது. மகன் வந்து புனேவுக்கு அழைத்துப்போய்விட்டார். திரையை நெடுநேரம் பார்க்க அவரால் முடிவதில்லை. பண்டிகை நாட்களில் பேசுகிறார், கண்ணைப் பற்றிக் கேட்டால் டெல்லிக் குளிரைப் பற்றிச் சொல்கிறார். நான் இன்னும் ஞாயிறுகளில் பிழை நீக்குகிறேன். புகார்கள் எங்கிருந்தெல்லாமோ வருகின்றன. பழைய கணினிக்கென்று தனியாகத் தொகுக்கும் வேலை இப்போது இல்லை. மதியத்தில் அந்த நேரம் சும்மா கிடக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போக ஜனக்புரிக்குப் போனேன். இரண்டாம் மாடி. மணி அடிப்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, மேலே ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமானவர். தலையைச் சற்றுத் திருப்பி, என் காதருகே எதையோ பார்ப்பவர்போல நின்றார்.

"மன்னிச்சுக்கிடுங்க. நேரா பாத்தா உங்க முகம் குழம்புது."

பிறகு உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"ம். இப்பம் தெரியுது" என்றார். செருப்பைக் காலால் துழாவினார். நான் குனிந்து அதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.