நடக்கக்கூடாததை எழுதும் வேலை

இங்கே காலைத் தேநீரோடு சாவைப் பற்றிப் பேசுகிறார்கள். துக்கமாக இல்லை, சாதாரணமாக. சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்கிற அதே குரலில், ஜாக்கி வழுக்கினால் யாருடைய கால் போகும் என்று கேட்கிறார்கள். நான் இங்கிலாந்தில் டான்காஸ்டருக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்தில் என் மேலதிகாரி ஜேனட், நான் எழுதிக் கொடுத்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, "சரி, இதில் யார் சாகப்போகிறார்கள்?" என்றார். நான் பதறிப்போய், "யாரும் சாக மாட்டார்கள் மேடம்" என்றேன். அவர் நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

என் வேலை என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு இதுவரை ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. ரயில் பாதையைப் புதுப்பிக்கிற ஒரு ஒப்பந்த நிறுவனம். பழைய தண்டவாளத்தைக் கழற்றுவது, ஸ்லீப்பர் மாற்றுவது, ஜல்லி கொட்டுவது என்று எந்த வேலை தொடங்கும் முன்பும் இரண்டு தாள்கள் தயாராக வேண்டும். என்னென்ன விபரீதம் நடக்கலாம், யாருக்கு நடக்கலாம், எவ்வளவு மோசமாக நடக்கலாம் என்று ஒன்று. அது நடக்காமல் வேலையை எப்படிப் படிப்படியாகச் செய்வது என்று இன்னொன்று. இரண்டின் இங்கிலீஷ் பெயர்களுடைய முதலெழுத்துகளையும் சேர்த்து இங்கே எல்லோரும் 'ராம்ஸ்' என்கிறார்கள். முதல் நாள் ஒருவர் வந்து "உன் ராம்ஸ் எங்கே?" என்று கேட்டபோது, நம்மூர் ராம் யாரோ இங்கே வேலை செய்கிறார், என்னை அவருடைய கூட்டாளி என்று நினைத்துவிட்டார்கள் என்று எண்ணி, எனக்கு அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சிரிக்க முடியாத சங்கடம் வேறு. நான் ஜவ்வாது மலைக்காரன். 'போறேன்' என்று சொல்லாமல் 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்வதோடு சமவெளிக்காரர்கள் நின்றுகொள்வார்கள். எங்கள் வீடுகளில் அது பல படி மேலே. புளி உலுக்க ஆள் மரம் ஏறினால் கீழே நிற்கிற ஒருவரும் 'விழுந்துடாத' என்று சொல்லமாட்டார்கள். அந்தச் சொல்லே காலை வாரிவிடும் என்று பயம். 'கெட்டியா புடிச்சிக்க' என்பார்கள். மழையில் ஓடையைத் தாண்டுகிறவனிடம் 'அடிச்சிக்கினு போய்டும்' என்று சொல்லக்கூடாது, 'பாறை மேலயே கால வெய்யி' என்றுதான் சொல்ல வேண்டும். கெட்டது எதையும் வாயால் உருவாக்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். இருபத்தைந்து வயதுவரை அந்தச் சட்டத்துக்குள் இருந்தவன், கெட்டதை எல்லாம் வரிசையாக எழுதுகிற உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அதனால் என் முதல் தாள்கள் எல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சாகவே இருந்தன. சங்கிலியைக் கெட்டியாகப் பிடிக்கவும். கால்களைத் தள்ளி வைத்து நிற்கவும். ரயில் வரும் திசையைப் பார்த்தபடி நடக்கவும். எதைத் தவிர்ப்பதற்காக இதெல்லாம் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. யாருக்கு ஆபத்து என்ற இடத்தில், பேர் எழுதக் கை வராமல், 'பொது' என்று போட்டுவைத்தேன். ஜேனட் எல்லாவற்றையும் சிவப்பில் வட்டமிட்டு, "இது பிரார்த்தனை மாதிரி இருக்கிறது" என்றார். நான் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். பிறகு அவர் உட்காரவைத்து, பொறுமையாக, வாயால் சொல்லப் பயப்படுகிற ஆபத்துதான் ஆளைக் கொல்லும் என்று விளக்கினார். கற்றுக்கொண்டேன். மண்டை நசுங்கி மரணம், மின்சாரம் தாக்கி மரணம், ரயில் மோதி மரணம் என்று இப்போது என்னாலும் தயங்காமல் எழுத முடியும். இங்கிலீஷில்.

காவேரி கர்ப்பமானபோதுதான் இரண்டு சட்டமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. காவேரி என் மனைவி, என் அப்பாவின் தங்கை மகள். அவள் அம்மா எனக்கு மாமியார் ஆவதற்கு முன்பே அத்தை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அவளை அத்தை தன்னிடம் அழைத்துக்கொண்டாள். அத்தை வீடு பஸ் நின்றுபோகிற இடத்துக்கும் அப்பால். ஜீப் போகிற மண்பாதை, நடுவில் ஒரு ஓடை, ஐப்பசி மழையில் அந்த ஓடை நினைத்தால் வழிவிடும், இல்லையென்றால் விடாது. போனில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு மேலே ஒரு பாறைவரை ஏறிவர வேண்டும். காவேரிக்குக் கால் வீங்கியிருந்தது, தலைவலி விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, அதிகமாக இருக்கிறது, நாள் நெருங்கும் முன்பே கீழே இறங்கி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகத் தங்கிவிடச் சொல்லியிருக்கிறார். அத்தை தலையாட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பம் போயிருந்தது. முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியே காலடி வைத்தால் விண்ணப்பம் செல்லாது, வேலையும் போகும். போனால் போகட்டும் என்று கிளம்பத் துடித்த நாட்கள் உண்டு. காவேரிதான், குழந்தை பிறந்த பிறகு சோறு வேண்டாமா என்று கேட்டு நிறுத்தினாள். வேலை நேரத்தில் என் கை ஒரு பாலத்துக்கான தாளை எழுதும். மண்டை அத்தை வீட்டுக்கான தாளை எழுதும். ஆபத்து, ஓடை. ஆபத்து, ஜீப் இல்லாத இரவு. ஆபத்து, பிரஷர் ஏறி ஜன்னி. இந்த வேலை தெரியாதவனாக இருந்திருந்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். எனக்கு எது எப்படி நடக்கும் என்று படிப்படியாகத் தெரிந்தது, அதைத் தடுக்கக் கை எட்டவில்லை. அந்த மாதங்களில் நான் மனுஷனாக இல்லை.

மலையடிவாரத்தில், வேலூருக்கு ரோடு இருக்கிற படவேட்டில் ஓர் அறை வாடகைக்குப் பேசிவைத்தேன். காவேரியிடம் சொன்னேன். அவளுக்கும் பயம் இருந்தது, பயம் என்று சொல்லாமல், "அம்மாகிட்ட நீயே பேசிடு மாமா, நான் சொன்னா அது கேக்காது" என்றாள். அத்தையைப் பாறைக்கு வரச்சொல்லிப் பேசினேன். மழையைச் சொன்னேன். மழை நின்றுவிடும் என்றாள். ஓடையைச் சொன்னேன். சுற்றுவழி இருக்கிறது என்றாள். ஜீப்பைச் சொன்னேன். ஜீப்பு வந்துவிடும் என்றாள். சங்கிலியைக் கெட்டியாகப் பிடிக்கவும் என்று எழுதியவன் அல்லவா, நான் எதையும் நேராகச் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் அவளுக்கே அலுத்துப்போய்க் கேட்டாள்.

"நாங்கல்லாம் எங்கடா பெத்தோம்? இன்னா ஆயிடப்போவுதுன்ற நீ?"

"செத்துப்போய்டுவா அத்த."

சொல்லிவிட்டேன். தமிழில், நிறைமாதக்காரியின் அம்மாவிடம், அவள் பேரைச் சொல்லாவிட்டாலும் அவளைச் சொல்லி. அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. போன் கட்டானது. அதன் பிறகு நாலைந்து நாள் யாரும் பாறைக்கு ஏறிவரவில்லை. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கக்கூஸில் உட்கார்ந்து, வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு ஒரு காலை காவேரியே அழைத்தாள். "படவேட்டுல கீறேன் மாமா" என்றாள். எனக்குக் காதை நம்ப முடியவில்லை. நீ பேசிவைத்த அறையில் இல்லை, அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் என்றாள். "நீ சொன்ன சொல்ல கழிக்கணுமாம். அம்மா ஜீப்பு வெச்சி இட்டாந்துச்சு. வெள்ளிக்கெழம வரைக்கும் இங்கதான்." என் வாயிலிருந்து விழுந்த சொல் மகள் தலைமேல் நிற்கிறது, அதை அம்மன் காலடியில் இறக்கிவைக்காமல் வீடு திரும்பக்கூடாது என்று அத்தை முடிவு செய்திருக்கிறாள். நர்ஸ் சொல்லி இறங்காதவள், நான் கெஞ்சி இறங்காதவள், அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து மலையிறங்கிவிட்டாள். அன்றைக்கு நான் ஒரு பைத்தியக்காரனைப் போல நிம்மதியாக இருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் ஜேனட்டோடு உட்கார்ந்து பாலத்துத் தாளை வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் அப்போது சாயங்காலம். போனில் அத்தையின் குரல், வார்த்தையே இல்லாத குரல். யாரோ வேன் ஓட்டுகிறவர் போனை வாங்கி, பொண்ணுக்கு ஜன்னி கண்டுவிட்டது, சந்தவாசல் தாண்டியாகிவிட்டது, வேலூருக்குத்தான் போகிறோம் என்று சொன்னார். போனைக் கட் செய்யாமல் அப்படியே வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் அதை எங்கோ வைத்தார். ஹாரன் சத்தமும் அத்தை அம்மனைக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. அந்த ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையும் எனக்குத் தெரியும். கண்ணமங்கலத்தில் மார்க்கெட் நெரிசல் இருக்குமே என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜேனட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வேலைச் சந்தேகத்தில் வாயடைத்து இருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். விரலால் தாளில் ஒரு வரியைத் தொட்டு, "இதில் யாருக்கு உயிராபத்து?" என்று மெதுவாகக் கேட்டார். "என் மனைவிக்கு" என்றேன். அவர் குழம்பிப்போய், உன் மனைவி பாலத்தில் வேலை செய்கிறாளா என்று கேட்டார். இல்லை, வேனில் இருக்கிறாள், இப்போது கணியம்பாடியில் என்றேன். கணியம்பாடி எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். அதற்கு மேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தாளின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆப்பரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. காவேரி மறுநாள் முழுக்கக் கண் திறக்கவில்லை, அதற்கு மறுநாள் திறந்தாள். மலைமேல் இருந்திருந்தால் வேன் வந்து சேர்வதற்குள் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் காவேரி பிறகு சொன்னாள். என் கணக்கு சுலபம். ஆபத்தைச் சொன்னேன், கீழே வந்தாள், பிழைத்தாள். அத்தையின் கணக்கும் அவ்வளவு சுலபம்தான். இவன் சொன்னான், வந்துவிட்டது, அம்மன் பாதியில் தடுத்தாள். நர்ஸ் பிரஷர் பார்த்தது நான் சொல்வதற்கு முன்னால் என்று சொல்லிப் பார்க்கலாம். சொல்லவில்லை. மனிதர்கள் தூங்குகிற நேரத்தில் எனக்கே அத்தையின் கணக்கு சரியாக இருக்குமோ என்று தோன்றிவிடுகிறது. இதை ஜேனட்டிடம் சொல்ல முடியாது. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய அத்தை என்னோடு பேசுவதில்லை.

குழந்தை அத்தை கையைவிட்டு இறங்கவில்லை; அதைக் காட்டச்சொல்லிக் காவேரி வழியாக ஒரு வாரம் கெஞ்சினேன். கடைசியில் நேற்று அத்தையே வீடியோவில் வந்தாள். நான் அலுவலகத்தில் இருந்தேன். அவள் முகம் வற்றிப்போயிருந்தது. கையில் துணி மூட்டை. எடுத்ததும் நான் "அத்த" என்று ஆரம்பித்தேன். அவள் போனை உடனே தரைப்பக்கம் திருப்பிவிட்டாள். ஆஸ்பத்திரியின் மொசைக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவள் குரல் மட்டும் வந்தது.

"வாயத் தொறக்காம பாக்கறதுன்னா காட்றேன்."

நான் தலையாட்டினேன். தரைக்குத் தலையாட்டுவது அவளுக்குத் தெரியாதே என்று தோன்றியதும் அப்படியே சத்தமில்லாமல் காத்திருந்தேன். நான் பேசவில்லை என்பது உறுதியான பிறகு போன் மெல்ல நிமிர்ந்தது. துணிக்குள் ஒரு நெற்றி, மூடிய கண், காவேரியின் மூக்கு. அந்த நேரம் பார்த்து ஜேனட் கதவருகே வந்து, திரையைக் கண்டு முகம் மலர்ந்து, பேர் என்ன, பேர் வைத்தாகிவிட்டதா என்று கேட்டார். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் நான் அழுகிறேன் என்று நினைத்து, அருகில் வந்து தோளைத் தட்டி, சொல்லு, உன் மகளிடம் ஏதாவது சொல்லு என்றார். அங்கே என் மகள் கண்ணைத் திறந்து, நான் பேசாத இந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.